இரண்டாவது சீடி

முதன்முதல் நற்கருணை வாங்கிய நாளில் எடுத்த என் முதல் நன்மைப் படத்தில் என் தலைக்கு மேலே எங்கேயோ ஓர் ஆங்கில ரொக் இசைக்குழு ஒளிவீசிக்கொண்டிருக்கிறது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவதெல்லாம் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில் பூமுடியோடு கைகூப்பி முழந்தாளிட்டிருக்கும் ஏழு வயதுப் பிள்ளையும், அவளுக்குப் பின்னால் ரெஜிபோம் அட்டையில் வெட்டிய, கோயிலில் நற்கருணையை வைத்துக் காட்டும் கதிர்ப்பாத்திரத்தின் ஆளைவிட உயரமான உருவமும்தான். நடுவில் இருக்கும் நற்கருணை அப்பத்தைச் சுற்றிச் சூரியக் கதிர்போலப் பழைய சீடிகளை அடுக்கி ஒட்டியிருப்பார்கள். அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் வைத்த முதல் நன்மை விழாக்களில் அதுதான் புது மோஸ்தர். அந்தச் சீடிகளில் ஒன்று களவெடுத்தது. எடுத்தவள் கைகூப்பி இருக்கும் அந்தப் பிள்ளை.

சீடி இருந்த மட்டை இன்றைக்கும் ஸ்ரௌவ்வில்லில் அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இரண்டு சீடி வைக்கக்கூடிய தடித்த மட்டை. ஓர் இடம் வெறுமை. வீடு மாறும்போது எங்கேயோ விழுந்துவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் பிக்கரிங்கிலிருந்து மாதம் ஒருதரம் அங்கே போய், வயிறு நிறையச் சாப்பிட்டு, அந்த அலுமாரியைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறேன்.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் ஏழாம் தட்டில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு ஹோல், இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டிய ஒரு சமையலறை. அப்பா இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குவார். ஆகையால் எங்கள் வீட்டில் பகல் முழுவதும் சத்தம் போடக்கூடாது என்பது பத்துக் கட்டளைகளுக்கு அடுத்ததாகப் பதினோராவது கட்டளை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். எனக்குத் தலை வாரிவிடுவது, பள்ளிக்கூடத்தால் கூட்டிவருவது, சப்பாத்து நூல் கட்டுவது, யாராவது என்னை அடித்தால் திருப்பி அடிப்பது எல்லாம் அக்காதான். எங்களுக்கு மேலும் கீழுமாக ஓர் அடுக்குக் கட்டில். மேலே அக்கா, கீழே நான். விளக்கை அணைத்ததும் அக்கா ஒரு கையைக் கீழே தொங்கவிடுவாள். நான் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போவேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பொம்மை இருந்தது, பூனை இருந்தது. எனக்கு அதெல்லாம் கேட்கத் தோன்றியதே இல்லை. ஒரு முழு அக்கா என்னிடம் இருந்தாள், அதிலும் பங்குக்கு யாரும் கிடையாது.

பங்குக்கு ஆள் வந்தது பங்குனி மாதத்தில். லண்டனில் இருக்கும் என் தாய்மாமனின் ஒரே மகள். அக்காவின் வயது, எனக்கு மச்சாள் முறை. ஒரு பெட்டியும், சீடி போட்டுக் கேட்கும் ஒரு வோக்மனும், பனிக்குப் போதாத ஒரு ஜக்கெற்றுமாக வந்து இறங்கினாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா சொன்னார். எல்லாரும் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அது என்ன லீவு என்று நான் கேட்கவில்லை. லீவு என்றால் லீவு. லண்டனில் நிறையக் கொடுப்பார்கள்போலும் என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

முதல் நாளே என் கட்டில் போயிற்று. ‘சின்னவள் என்னோட ஹோலுக்கை படுப்பாள்’ என்று அம்மா ஒரே வசனத்தில் என்னைக் குடியெழுப்பினார். சாப்பாட்டில் மிளகாய் குறைந்தது. மீனில் நடுத்துண்டு மச்சாளின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் போனது, எனக்கு வால் வந்தது. குளிர்கிறது என்று நான் அழுதபோதெல்லாம் ‘இன்னொரு சுவெற்றரைப் போடு’ என்ற அப்பா, அவள் ஒருதரம் தோளைக் குறுக்கியதும் தானே எழுந்துபோய் ஹீற்றரைக் கூட்டினார். பெரியவர்கள் எல்லாரும் அவளோடு பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், பூசை நடக்கிற கோயிலுக்குள் பேசுவதுபோல. நான் என்ன செய்தால் என்னோடும் அப்படிப் பேசுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். காய்ச்சல் வந்தால் பேசலாம். காய்ச்சல் வரவில்லை.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். அக்காவை எடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மச்சாளின் வோக்மனுக்குள் இருந்தது அந்தச் சீடி. மட்டையில் ஒரு மழைக்காலத் தெருவில் நான்கு மெலிந்த வெள்ளைக்காரர்கள், யாரோ கடன் கேட்டு வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, ‘உவங்களுக்குத் தலைமயிர் வெட்டிவிட ஒருத்தருமில்லையோ?’ என்று கேட்டுவிட்டு மேசையில் வைத்தார். அந்தக் குழுவின் சிங்கிள்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து வெளியிட்ட தொகுப்பு அது. சிங்கிள்ஸ் என்றால் என்ன என்று அக்காவிடம் கேட்டேன்.

“ஒவ்வொண்டாத் தனியத் தனிய வந்த பாட்டுகள். பிறகு எல்லாத்தையும் சேர்த்து உதுக்குள்ள போட்டிருக்கு. முதல் வந்தது முதல், கடைசியா வந்தது கடைசி.”

எனக்கு அது புதுமையாகப் படவில்லை. அப்பா கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு வீட்டில் இருந்தவர். தனித்தனியாக வந்து இறங்கிய சித்தப்பாமார், ஊர்க்காரர், ஊர்க்காரரின் மைத்துனர் எல்லாரும் அந்த ஒரே வீட்டுக்குள்தான் வந்த ஒழுங்கில் நிரப்பப்பட்டார்கள் என்று அடிக்கடி சொல்லுவார். அதற்கெல்லாம் மட்டை போட்டு விற்கிறார்களா என்று கேட்டேன். அக்கா சிரித்தாள். ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மச்சாள் பக்கம் திரும்பி, நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லி, அவளோடு சேர்ந்து சிரித்தாள். என்னுடைய பகிடியை என் கண் முன்னாலேயே எடுத்து அவளுக்குக் கொடுத்தாள்.

மச்சாளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. இரண்டு சொல் தமிழ், பத்துச் சொல் லண்டன் ஆங்கிலம். அம்மாவின் ஆங்கிலம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமானது. ஆகையால் வீட்டில் மச்சாளுக்கு ஏதும் சொல்லவேண்டுமென்றால் அக்கா வேண்டும், மச்சாள் ஏதும் சொன்னால் அதற்கும் அக்கா வேண்டும். இரண்டு பக்கமும் அக்கா. என் பக்கம் மட்டும் இல்லை.

இயர்ஃபோனுக்கு இரண்டு முனைதான் என்பதைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே அவரைச் சபித்திருப்பேன். ஒரு முனை மச்சாளின் இடது காதில், மற்றது அக்காவின் வலது காதில். அந்த வயரின் நீளத்துக்குமேல் அக்கா அவளைவிட்டு விலகுவதே இல்லை. கட்டிலில் சாய்ந்திருந்து கேட்பார்கள். நான் கெஞ்சிக் கெஞ்சி ஒருநாள் ஒரு முனையை வாங்கிக் காதில் வைத்தேன். படிக்கட்டில் யாரோ தகரப் பீப்பாயை உருட்டிவிட்டதுபோல ஒரு பாட்டு. அடுத்தது மெதுவானது. ஒரு கிற்றார், களைத்துப்போன ஓர் ஆணின் குரல். சொல் ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் முனையைக் காதுக்குள் இன்னும் அழுத்தினேன். நல்ல பாட்டு என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கூடாத பாட்டாக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். பாதியிலேயே அக்கா முனையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“போதும் தா. நீ சின்னப்பிள்ளை, உனக்கு உது விளங்காது.”

அந்தச் சித்திரையிலும் வைகாசியிலும் அந்த வசனத்தை நான் எத்தனை தரம் கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தபடி இருப்பார்கள், நான் போனால் பேச்சை நிறுத்துவார்கள். என்ன என்று கேட்டால் சின்னப்பிள்ளை, விளங்காது.

அந்த வருடம்தான் எனக்கு முதல் நன்மை. சனிக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு. வீட்டில் அம்மா கறிக்கு வெங்காயம் வெட்டியபடியே என்னிடம் பாடம் கேட்பார். தலையான பாவங்கள் ஏழு. அகங்காரம், கோபம், மோகம், லோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். தண்ணீர் பட்டபாடாக ஒப்புவிப்பேன். அகங்காரமும் போசனப்பிரியமும் விளக்கினார், கோபமும் சோம்பலும் தெரிந்தவை. காய்மகாரம் என்றால் பொறாமை என்று அப்போது தெரியாது, என்ன அது என்று கேட்டேன். அம்மா வெங்காயக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘அது பெரியாக்கள் செய்யிற பாவம், உனக்குத் தேவையில்லை’ என்றார். நானும் அதை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு பாவம் குறைந்தது நல்லதுதானே.

டுலிப் பூத்த பிறகும் மச்சாள் திரும்பிப் போகவில்லை. லீவு நீண்டுகொண்டே போனது. இதற்கிடையில் அவர்கள் இருவரும் இடத்தையும் மாற்றிக்கொண்டார்கள். மெத்தைக் கட்டிலை விட்டுவிட்டு, சமையலறைக்கு வெளியே ஹோலின் மூலையில், வெறுந்தரையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்கள். என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டு, அந்தக் கட்டிலில் இருக்கவும் பிடிக்கவில்லையாம். மச்சாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டுவாள். அக்கா அவளுடைய காதுப் பக்கமாகச் சாய்ந்திருப்பாள். அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டேயிருக்கும். பாட்டெல்லாம் பாடமாக்கிவிட்டாள், இப்போது சேர்ந்தும் பாடுகிறாள் என்று நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. எனக்குப் பாட்டுச் சொல்லித்தா என்றால் வாய் நோகும் அவளுக்கு.

சமையலறைக்குள் அம்மா பெரும்பாலும் டெலிபோனில் இருப்பார். போன் சமையலறைச் சுவரில் இருந்தது. போன் கார்ட்டைச் சுரண்டி, நீளமான நம்பரை அடித்து, லண்டனுக்கு மாமாவிடம் பேசுவார். மாமா அம்மாவுக்குத் தம்பி. அம்மாவின் குரல் உயரும், தாழும், அழும், அதட்டும். எங்கள் வீட்டில் அது மழைச்சத்தம் மாதிரி, யாரும் காதுகொடுப்பதில்லை. அப்பா ஒருநாள் அம்மாவிடம், பிள்ளைக்கு முன்னால் இதையெல்லாம் கதைக்கலாமா என்று கேட்டது நினைவிருக்கிறது. ‘அவளுக்குத் தமிழ் எங்க விளங்கிறது? காதுக்குள்ளையும் எந்நேரமும் வயரைச் செருகிக்கொண்டெல்லோ இருக்கிறாள்’ என்றார் அம்மா.

முதல் நன்மைக்கு ஐந்து நாள் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அம்மாவும் அவர்கள் இருவரும் உடுப்புத் தோய்க்கக் கீழ்த்தட்டுக்குப் போனார்கள். அப்பா தூக்கம். வோக்மன் என் கட்டிலின்மேல், என் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. திறந்தேன். உள்ளே இரண்டாவது சீடி இருந்தது. அந்த மெதுவான பாட்டு அதில்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும். எடுத்தேன். மூடினேன். பாட்டு இல்லாவிட்டால் வயர் இல்லை, வயர் இல்லாவிட்டால் அக்கா எழும்பி என்னிடம் வருவாள். அவ்வளவு நேரான கணக்கு.

ஒளித்துவைக்க இடம் தேடவேண்டிய அவசியமும் வரவில்லை. பதினோராம் தட்டில் ஓர் அன்ரி இருந்தார். ரொறன்ரோவின் பாதித் தமிழ்க் கொண்டாட்டங்களுக்கு மேடை அலங்காரம் அவர்தான். என் கதிர்ப்பாத்திரத்தையும் அவரே செய்துகொண்டிருந்தார். ‘கதிருக்குச் சீடி காணாது, பழசு கிடந்தா தாங்கோ’ என்று அன்று மாலையே வந்து நின்றார். அம்மா வீட்டிலிருந்த பழைய சீடிகளையெல்லாம் ஒரு பையில் போட்டார். யாருடையதோ ஒரு கலியாண வீட்டு வீடியோ, தபாலில் இலவசமாக வந்த இன்ரநெற் சீடிகள், கீறல் விழுந்த பக்திப் பாடல்கள். ‘இதையும் போடம்மா’ என்று நான் இடையில் சொருகினேன். அம்மா பார்க்கவுமில்லை. கடவுளுடைய காரியத்துக்கே போகிறது என்பதால் எனக்கு ஒரு திருப்திகூட வந்தது.

பிறகு காத்திருந்தேன். அழுகை வரும். தேடுவார்கள். மெத்தையைப் புரட்டுவார்கள். நானும் சேர்ந்து தேடுவதாகத் தீர்மானித்து, முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று குளியலறைக் கண்ணாடியில் பழகியும் வைத்திருந்தேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது இருவரும் சுவர் மூலையில் இருந்தார்கள். காதில் வயர். மச்சாள் தலையை ஆட்டினாள். அக்காவின் உதடுகள் அசைந்தன. நான் அவர்களுக்கு முன்னால் இரண்டுதரம் நடந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முதலாவது சீடியைப் போட்டிருப்பார்கள் என்று அறைக்குள் போய் மட்டையைத் திறந்தேன். முதலாவது சீடி தன் இடத்தில் பத்திரமாக இருந்தது.

வியாழக்கிழமையும் அப்படி. வெள்ளிக்கிழமையும் அப்படி. களவு கொடுத்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள், களவெடுத்தவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. வீட்டில் வேறு சீடி எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தேடினேன். இல்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர்களுக்குத் தெரியும். நான்தான் எடுத்தேன் என்று தெரிந்து, என்னை அலைக்கழிப்பதற்காக, ஒன்றும் இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பதுபோல நடிக்கிறார்கள். இரண்டு பெரிய பெட்டைகள் சேர்ந்து என்னைப் பேய்க்காட்டுகிறார்கள். சீடியை எடுக்க முன்னர் எரிந்ததைவிட இப்போது இரண்டு மடங்கு எரிந்தது.

சனிக்கிழமை காலை முதல் பாவசங்கீர்த்தனம், பாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. எங்கள் ஆசிரியை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டில் பாவங்களை எழுதித் தந்திருந்தார். பொய் சொன்னேன், சண்டை பிடித்தேன், செபிக்க மறந்தேன். எல்லாருக்கும் ஒரே பாவம்தான். கோயிலின் மூலையில் இரண்டு கதிரை. ஒன்றில் பாதர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் துண்டிலிருந்ததை ஒப்புவித்துவிட்டு, எழும்பப் பார்த்துவிட்டு, திரும்ப உட்கார்ந்து, ஒரு சீடி களவெடுத்தேன் என்றும் சொல்லிவிட்டேன். பாதர் கைலேஞ்சியை மூக்கிலிருந்து எடுத்தார்.

“ஆற்றை சீடி?”

“மச்சாளின்ரை.”

“ஏன் எடுத்தனீங்கள்?”

எவ்வளவு யோசித்தும் அதற்கு ஒரு பதில்தான் வந்தது. “அக்கா என்ரை அக்கா, பாதர்.”

அவர் கைலேஞ்சியைத் திரும்ப முகத்தில் வைத்துக்கொண்டார். சிரித்தாரா தும்மலை அடக்கினாரா தெரியாது. திருப்பிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும், மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லவேண்டும் என்றார். மூன்றையும் அங்கேயே முழந்தாளிட்டு முடித்தேன். மற்றதற்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எலிவேற்றரில் பதினோராம் தட்டுக்கு ஏறினேன்.

அன்ரியின் ஹோலில் கால்வைக்க இடமில்லை. என் கதிர்ப்பாத்திரம் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. தங்கநிறத் தாள் சுற்றிய தண்டு, நடுவில் வெள்ளை அப்பம், அதைச் சுற்றிக் கதிராகச் சீடிகள். எல்லாம் மினுங்கும் பக்கத்தை வெளியே காட்டி, எழுத்துள்ள பக்கத்தில் பசை பூசி ஒட்டியாயிற்று. எல்லாம் ஒரேமாதிரி இருந்தன. ஒன்றைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டேன்.

“உதை இப்ப பிடுங்கினா ரெஜிபோமும் சேர்ந்தெல்லோ வரும், குஞ்சு. என்ன, அதுக்குள்ள அப்பிடி என்ன கிடந்தது?”

“ஒண்டுமில்லை அன்ரி.”

“வடிவா இருக்கோ?”

ஓம் என்றேன். வடிவாகத்தான் இருந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு சீடிகளிலும் என் முகம் பத்துப் பன்னிரண்டாகத் தெரிந்தது.

எலிவேற்றரில் இறங்காமல் படியால் இறங்கினேன். திருப்பிக் கொடுக்க முடியாது, மன்னிப்பையாவது கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். மச்சாளுக்கு விளங்கவேண்டுமே என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் செய்து, ஒவ்வொரு படிக்கும் ஒருதரம் சொல்லிக்கொண்டே வந்தேன். உண்மையிலேயே கேட்கத்தான் போனேன். இதை நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

கதவைத் திறந்தால், அதே மூலை. அதே வயர். அப்பா அறைக்குள் தூக்கம். சமையலறைக்குள் அம்மா போனில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மச்சாள் தலையை ஆட்டவில்லை, முழங்காலில் முகத்தை வைத்திருந்தாள். அக்காவின் உதடுகள் அவளுடைய காதோடு ஒட்டி மெதுமெதுவாக அசைந்துகொண்டிருந்தன. நான் முன்னால் போய் நின்றேன். வசனம் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அக்கா என்னைப் பார்த்த பார்வை, கடிதம் படிக்கும்போது பறந்துவந்து மொய்க்கும் இலையானைப் பார்ப்பதுபோல இருந்தது.

“என்ன கேக்கிறியள்?” என்றேன்.

“பாட்டு. போ அங்கால.”

“எந்தச் சீடி?”

“ரெண்டாவது.”

மன்னிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று. இரண்டாவது சீடி பதினோராம் தட்டில் ஆண்டவருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அக்கா என் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிறாள். எனக்கு ஒருநாளும் பொய் சொல்லாத அக்கா, அவளுக்காகச் சொல்கிறாள். நான் பாய்ந்து அக்காவின் காதிலிருந்த முனையைப் பிடுங்கி என் காதில் வைத்தேன்.

ஒன்றுமில்லை. தகரப் பீப்பாயும் இல்லை, கிற்றாரும் இல்லை. அந்த அமைதிக்குள்ளே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அம்மாவின் குரல் சொல் சொல்லாகக் கேட்டது.

“உனக்கும் ஏலாது, அவளுக்கும் ஏலாதெண்டா, பிள்ளை எங்கையடா போறது? ரெண்டு பேரும் ஆளுக்கொரு வாழ்க்கையைப் பாத்துக்கொண்டியள். நான் இன்னும் எத்தினை நாளைக்கு லீவு லீவெண்டு பிள்ளையை ஏமாத்துறது?”

சொற்கள் எல்லாம் காதில் விழுந்தன, ஒன்றும் உள்ளே போகவில்லை. யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிய பெரியவர்களின் கதை. எனக்கு அப்போது வேறு வேலை இருந்தது.

அந்த மூலையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அக்கா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு, அவளுக்கே ஒரு மகள் பிறந்த பிறகு. சித்திரை முடிவோடு அவர்கள் பாட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டார்களாம். காதில் வயர் இருந்தால் அம்மா தாராளமாகப் பேசுவார். மச்சாளுக்குக் கால்வாசித் தமிழ் விளங்கும், மீதி முக்கால்வாசியையும் அக்கா காதோடு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். தகப்பன் என்ன சொன்னான், தாய் எந்த ஊருக்குப் போய்விட்டாள், யார் பிள்ளையை வைத்திருக்கமாட்டேன் என்கிறார்கள், எல்லாவற்றையும். ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று மச்சாள் சத்தியம் வாங்கியிருந்தாளாம். பதினான்கு வயதில் அந்த வசனங்களையெல்லாம் மொழிபெயர்த்தவள் என் அக்கா. நான் வெளியே நின்று, இடம் கிடைக்கவில்லையே என்று வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர்கள் பொய் சொல்கிறார்கள், நான் பிடித்துவிட்டேன். பதினோராவது கட்டளையையும் மறந்து, என்னால் முடிந்த அளவு உரத்துக் கத்தினேன்.

“அம்மா! உதுக்குள்ள பாட்டே இல்லை! சும்மா வயரை மாட்டிக்கொண்டு இருக்கினம்! அக்கா பொய் சொல்லுறா!”

சமையலறைக்குள் பேச்சு நின்றது. அம்மா போனின் சுருள் வயர் எட்டுமட்டும் இழுபட, கதவுக்கு வந்து நின்றார். கையிலிருந்த போனுக்குள் மாமா ‘ஹலோ, அக்கா, ஹலோ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மச்சாளைப் பார்த்தார். பிறகு கீழே தரையைப் பார்த்தார், அவர்கள் இருந்த இடத்தை, சமையலறைச் சுவரை. அவருடைய முகத்திலிருந்து ஏதோ வடிந்து இறங்கியது.

மச்சாள் தன் காதிலிருந்த முனையை எடுத்து மடியில் வைத்தாள். “இட்ஸ் ஓகே மாமி. ஐ நியூ. தெரியும்” என்றாள், அம்மாவைச் சமாதானப்படுத்துவதுபோல.

அம்மா அப்படியே கதவு நிலையோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவள் என்னை அப்படி நேராக, முழுதாகப் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அக்காவுக்கு ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். ஒருவரும் ஏசவில்லை. ஒருவரும் நான் சொன்னதை இல்லை என்று சொல்லவுமில்லை. நான் சொன்னது உண்மையானபடியால் யாருக்கும் பதில் வரவில்லை என்று விளங்கிக்கொண்டேன். சீடி விடயத்தையும் அன்று பின்னேரத்துக்குள் எனக்குள்ளேயே தீர்த்துவிட்டேன். யாரும் கேட்காத பாட்டை எடுத்தால் அது களவாகாது, ஆகவே மன்னிப்பும் தேவையில்லை. அடுத்த நாள் காலை கோயிலில் வெள்ளைச் சட்டையோடு வரிசையில் நின்று, என் முறை வந்ததும், இங்கே நிற்கிற பிள்ளைகளுக்குள் என்னைப்போலப் பாவமில்லாத பிள்ளை வேறு இருக்காது என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அப்பம் வாங்க நாக்கை நீட்டினேன்.